பேனாக்கத்தியில் ஒரு மார்க்கா: பழைய அமெரிக்கக் கத்திகளை இனம் காணும் வழி

மார்க்காவுக்கு என்ன விலை என்று நம் கடைத்தெருவில் அடிக்கடி பேச்சு வரும். ஒரே தறியில் ஒரே நூலில் நெய்த வேட்டிக்கு ஒரு முத்திரை குத்தினால் ஒரு விலை, வேறு முத்திரை குத்தினால் வேறு விலை. இது நமக்குப் புதிதல்ல. ஆனால் சரக்கை விற்ற கடை மூடி, அதைச் செய்த தொழிற்சாலையும் போய், வாங்கியவரும் காலமான பிறகு மார்க்கா மட்டும் உயிரோடு இருந்து விலை ஏறிக்கொண்டே போகுமா? போகும். அமெரிக்காவில் பழைய பேனாக்கத்தி சேகரிப்பவர்களிடம் அதைப் பார்க்கலாம்.

இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் செய்பவன் என்பதால் எனக்கு இந்தக் கத்திகள் மேல் எப்போதும் ஒரு கண் உண்டு. அங்கே வேலையில் இருக்கும் உறவினர்கள் மூலம் சிலவற்றைக் கையில் எடுத்தும் பார்த்திருக்கிறேன். வியாபாரிகளுக்கு இதில் தெரிந்துகொள்ள நிறைய இருப்பதால் எழுதுகிறேன்.

முதலில் கத்தியின் உறுப்புகளைச் சொல்லிவிடுகிறேன். கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் மடக்குக் கத்தி இது. நடுவில் பித்தளை அல்லது இரும்பு உள்தகடுகள். அவற்றுக்கு வெளியே எலும்பு, கொம்பு, மரம் என்று பிடித்துண்டுகள். பிடியின் முனையில் உலோகப் பூண். முதுகில் வில். அலகைத் திறக்க ஒரு நகக்குழி. அலகு மடங்கும் இடத்தில் கூர் இல்லாத தடித்த அடிப்பாகம் ஒன்று இருக்கும். சேகரிப்பவர் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான். அரை அங்குலம்கூட இல்லாத அந்த இடத்தில்தான் கம்பெனியின் முத்திரை இருக்கிறது. பணமும் அங்கேதான் இருக்கிறது. ஒரே தொழிற்சாலையில் ஒரே எஃகில் செய்த இரண்டு கத்திகளில் ஒன்று சில டாலருக்குப் போகும். மற்றது அந்தச் சில எழுத்துக்களுக்காகப் பல மடங்கு விலை பெறும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க விவசாயியும் மாட்டுக்காரரும் பள்ளிச் சிறுவனும் கத்தி இல்லாமல் வெளியே கிளம்பமாட்டார்கள். 'ஸ்டாக்மேன்' என்ற ரகத்தில் மூன்று அலகுகள். ஒன்று கூர்முனை, ஒன்று நேர்விளிம்பு, இன்னொன்று கன்றுகளுக்குக் காயடிப்பதற்கென்றே முனை மழுங்கியது. இவ்வளவு தேவை இருந்தும் கத்திகளில் பெரும்பகுதி இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்தும் ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்தும்தான் கப்பலில் வந்தன. உள்ளூர்த் தொழிற்சாலைகள் அவற்றோடு விலையில் போட்டி போட முடியாமல் திணறின.

நிலைமையை மாற்றியது இறக்குமதி வரி. 1890-ல் வந்த மெக்கின்லி வரிச் சட்டம் வெளிநாட்டுக் கத்திக்குக் கடும் தீர்வை போட்டது. அதோடு, இறக்குமதிச் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்க வேண்டும் என்றும் விதித்தது. இந்த விதி 1891 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இன்று சேகரிப்பவர்களுக்கு இதுவே முதல் அளவுகோல். அமெரிக்காவில் விற்ற கத்தியில் 'ஜெர்மனி', 'இங்கிலாண்ட்' என்று நாட்டுப் பெயர் இருந்தால், அது பெரும்பாலும் 1891-க்குப் பிந்திய சரக்கு. "எங்கள் கொள்ளுத்தாத்தா உள்நாட்டுப் போரில் வைத்திருந்தது" என்று சொல்லி 'ஜெர்மனி' பொறித்த கத்தியை நீட்டினால், அந்தக் கதைக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் போர் 1865-லேயே முடிந்துவிட்டது.

வரி ஏறியதும் இறக்குமதியாளர்களே உற்பத்திக்கு இறங்கினார்கள். நியூயார்க்கில் ஜெர்மன் கத்தி இறக்குமதி செய்துவந்த அடால்ஃப் காஸ்டர் 1902-ல் கமில்லஸ் என்ற சிற்றூரில் இருந்த கத்தித் தொழிற்சாலையை எடுத்துக்கொண்டார். நியூயார்க் மாநிலத்திலேயே வால்டன் என்ற ஊர், ஷெஃபீல்டிலிருந்து வந்த கைத்தேர்ச்சியாளர்களால் கத்தி ஊர் என்றே பெயர் வாங்கியது. 'சுத்தியல் மார்க்' நியூயார்க் நைஃப் கம்பெனி அங்கேதான் இருந்தது. 1931-ல் பொருளாதார மந்தத்தில் அது மூடப்பட்டது. அதன் கத்திகளின் வேலைப்பாட்டை இன்றும் உயர்வாகப் பேசுகிறார்கள்.

மொத்த வியாபாரிகளின் முத்திரைகள்

நமக்கு நெருக்கமான விஷயம் இனிமேல்தான் வருகிறது. பழைய அமெரிக்கக் கத்திகளில் ஏராளமானவற்றில் இருப்பது செய்தவர் பெயர் அல்ல. ஹார்டுவேர் மொத்த வியாபாரியின் பெயர். தொழிற்சாலைக்கு ஆர்டர் கொடுத்து, தன் மார்க்காவைப் பொறிக்கச் சொல்லி, ஊர் ஊராகச் சில்லறைக் கடைகளுக்கு அனுப்பினார்கள். செயின்ட் லூயிஸ் நகரத்து சிம்மன்ஸ் ஹார்டுவேருக்கு 'கீன் கட்டர்'. அதே ஊரில் போட்டிக் கடையான ஷேப்லி ஹார்டுவேருக்கு 'டைமண்ட் எட்ஜ்'. சிகாகோவின் ஹிப்பர்ட் ஸ்பென்சர் பார்ட்லெட் கம்பெனிக்கு 'ஓ.வி.பி.'. 'எங்கள் சரக்கில் மிகச் சிறந்தது' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. கென்டக்கி மாநிலம் லூயிவில்லின் பெல்நாப் ஹார்டுவேருக்கு 'புளூ கிராஸ்'.

இந்தக் கடைகள் பிறகு என்ன ஆயின? சிம்மன்ஸ் 1922-ல் வின்செஸ்டர் துப்பாக்கிக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து, பின் பிரிந்து, 1940-ல் பழைய போட்டியாளரான ஷேப்லியிடமே போய்ச் சேர்ந்தது. ஷேப்லியும் 1960 வாக்கில் கடையைக் கட்டியது. ஹிப்பர்ட் கம்பெனி தொடங்கிய 'ட்ரூ வேல்யூ' என்ற பெயர் 1960களில் கைமாறி, ஆயிரக்கணக்கான கடைகளின் பெயர்ப்பலகையில் ஏறியது. அந்த நிறுவனமும் 2024-ல் திவால் மனுப் போட்டு வேறொருவர் கைக்குப் போனது. 1840-ல் தொடங்கிய பெல்நாப் 1986-ல் மூடியது. கடைகள் போயின. ஆனால் 'கீன் கட்டர்' சாமான்களுக்கென்றே சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

பெல்நாப்பின் இன்னொரு மார்க்காவைச் சொன்னால் நம்மவர்கள் சிரிப்பார்கள். 'ஜான் பிரிம்பிள், இந்தியா ஸ்டீல் ஒர்க்ஸ்' என்று அலகில் பொறித்திருக்கும். கத்திகளை ஒப்பந்தத்தில் செய்து கொடுத்ததோ வேறு தொழிற்சாலைகள். இந்தியாவில் அப்படி ஓர் உலையைத் தேடிப் புறப்பட வேண்டாம். நம் நாட்டு உருக்குக்கு உலகமெங்கும் இருந்த பழம்பெயரை லூயிவில் வியாபாரி தன் சரக்குக்கு இரவல் வாங்கிக்கொண்டார் என்பது என் எண்ணம். கத்தி என்னவோ நல்ல கத்திதான், தேடி வாங்குகிறார்கள்.

புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் பெரிய கம்பெனிப் பெயர்களின் பின்னால் ஓடுகிறார்கள். மொத்த வியாபாரி முத்திரைக் கத்திகளை முதலில் பார்க்கச் சொல்வேன். அதே தொழிற்சாலையின் வேலைப்பாடு குறைந்த விலையில் கிடைக்கும். போலி செய்பவனுக்கும் இதில் ஆசை குறைவு.

கம்பெனி முத்திரைகளில் அதிகம் அலசப்பட்டது கேஸ் கம்பெனியுடையது. கேஸ் சகோதரர்கள் 1889-ல் வண்டியில் கத்தி ஏற்றி விற்கத் தொடங்கிய குடும்பத்து வியாபாரம் இது. 1905-ல் பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டுக்கு வந்தது. 1993-ல் அதே ஊரின் சிப்போ லைட்டர் கம்பெனி வாங்கிய பிறகும் அங்கேயே நடக்கிறது. 'கேஸ் டெஸ்டட் எக்ஸ் எக்ஸ்' என்று இருந்தால் ஏறக்குறைய 1920-லிருந்து 1940 வரை. 'டெஸ்டட்' போய் 'கேஸ் எக்ஸ் எக்ஸ்' மட்டும் இருந்தால் 1940-லிருந்து 1964 வரை. 'யு.எஸ்.ஏ.' சேர்ந்தால் 1965-லிருந்து 1969 வரை. இரண்டு எக்ஸ் என்பதற்கு, இருமுறை உலையில் வைத்துத் தோய்ச்சல் கொடுத்தது என்று பொருள் சொல்வார்கள்.

1970-ல் ஒரு நல்ல ஏற்பாடு செய்தார்கள். முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளி. அடுத்த வருஷம் ஒன்பது. இப்படி வருஷத்துக்கு ஒன்றாகக் குறைத்து 1979-ல் ஒரே புள்ளி. 1980-ல் 'எஸ்' எழுத்தை மின்னல் போல வளைத்து மறுபடி பத்திலிருந்து தொடங்கினார்கள். கத்தியைத் திறந்து புள்ளியை எண்ணினால் வருஷம் தெரிந்துவிடும். இது வந்த பிறகு, ஒவ்வொரு ரகத்திலும் எல்லா வருஷத்துக் கத்தியையும் சேர்க்க வேண்டும் என்ற ஆசை பலரைப் பிடித்துக்கொண்டது. சரக்கை மாற்றாமல் ஒரு புள்ளியை எடுத்தே பழைய வாடிக்கையாளரைத் திரும்ப வரவழைத்த சாமர்த்தியத்தை என்னென்பது!

முத்திரையின் மறுபக்கத்தில் நம்பர் இருக்கும். கேஸ் கத்தியில் 6254 என்றால், முதல் 6 எலும்புப் பிடி, அடுத்த 2 இரண்டு அலகு, 54 என்பது 'ட்ராப்பர்' ரகம். 5-ல் தொடங்கினால் மான்கொம்பு, 3 மஞ்சள் பிடி. பிற்காலத்தில் எலும்பு மாதிரி செய்த பிளாஸ்டிக்குக்கும் 6-ஐயே போட்டார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ரெமிங்டன் கம்பெனியில் கணக்கு தலைகீழ். கடைசி இலக்கம்தான் பிடியைச் சொல்லும். 3 எலும்பு, 6 மான்கொம்பு, 8 மரம். நம்பரும் சரக்கும் ஒத்துப்போக வேண்டும். இருப்புப் புத்தகத்தில் ஒன்று, குடோனில் ஒன்று இருந்தால் நாம் என்ன நினைப்போமோ அதையே இங்கும் நினைக்கலாம்.

ரெமிங்டன் துப்பாக்கிக் கம்பெனி. முதல் உலகப்போர் முடிந்து ஆர்டர் நின்றதும், இருந்த இயந்திரங்களுக்கு வேலை கொடுக்கக் கத்திக்கு வந்தது. 1922-ல் ஆர் 1123 என்ற நம்பரில், பிடியில் தோட்டா வடிவச் சின்னத் தகடு பதித்த பெரிய கத்தியை வெளியிட்டது. சேகரிப்பவர்கள் 'புல்லட் கத்தி' என்று உருகுவது இந்த வரிசைக்குத்தான். 1940-ல் கத்தித் தொழிலை விற்றுவிட்டது. 1982-லிருந்து அதே நம்பர்களில் ஒவ்வொன்றாகப் புதிய கத்திகளை வெளியிட்டார்கள். வெளிப்படையாகச் செய்த மறுவெளியீடு என்பதால் அதில் தவறில்லை. அதை 1920களின் சரக்கு என்று விற்பவனிடம்தான் தவறு.

போலிச் சரக்கு

போலி இந்தத் தொழிலுக்குப் புதிதல்ல. 1876-ல் வந்த மார்க் ட்வைனின் 'டாம் சாயர்' கதையில், டாமுக்குப் பன்னிரண்டரை சென்ட் பெறும் 'பார்லோ' கத்தி ஒன்று பரிசாகக் கிடைக்கிறது. அது எதையும் வெட்டாது. ஆனாலும் அசல் பார்லோ என்பதில் அவனுக்கு ஒரே பெருமை. இப்படிப்பட்ட கத்திக்கும் போலி வந்து கெட்ட பெயர் உண்டாக்க முடியும் என்று பையன்கள் எப்படித்தான் நினைத்தார்களோ என்று ஆசிரியர் கேலி செய்வார். அதற்கு முந்தைய வருஷம்தான் மாசசூசெட்ஸ் மாநிலத்து ரஸ்ஸல் கம்பெனி பார்லோ கத்தி செய்யத் தொடங்கியிருந்தது. பூணில் 'ஆர்' எழுத்தை ஓர் அம்பு துளைத்துச் செல்லும் சின்னம் அதற்கு.

1968-ல் அமெரிக்காவில் துப்பாக்கி விற்பனைக்குக் கடுமையான சட்டம் வந்ததும், சந்தைகளில் பழைய துப்பாக்கி வாங்கி விற்ற பலர் கத்திக்கு மாறினார்கள். 1972-ல் சேகரிப்பாளர்களுக்குத் தேசிய அளவில் சங்கமும் வந்தது. விலை ஏறியது. விலை ஏறிய இடத்தில் போலிக்காரனும் கடை போட்டான்.

அவன் செய்யும் வேலைகளில் முதலாவது, மலிவான பழைய கத்தியின் முத்திரையை ராவி எடுத்துவிட்டு உயர்ந்த மார்க்காவை அடிப்பது. ராவினால் உலோகம் குறையும். அடிப்பாகம் மெலிந்து, அதற்கும் உள்தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். அலகு பக்கவாட்டில் ஆடும். முத்திரையை பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். நூறு வருஷம் பையில் கிடந்த கத்தியில் துருப்பள்ளம் எழுத்துக்களையும் தின்றிருக்கும். துருப்பள்ளத்தின் மேலேயே எழுத்து கூர்மையாக ஓடினால், துருவுக்குப் பிறகு அடித்த முத்திரை அது. சுற்றுப்புறம் தேய்ந்து வழவழப்பாகியிருக்க, எழுத்து மட்டும் நேற்று அடித்தது போல் நின்றாலும் அப்படியே.

இரண்டாவது வேலை இன்னும் தந்திரமானது. தொழிற்சாலை மூடும்போது மிஞ்சிய அசல் அலகுகளையும், உடைந்த கத்திகளின் நல்ல பாகங்களையும் சேர்த்து ஒரு கத்தி கட்டிவிடுவார்கள். முத்திரை அசல்தான், கத்திதான் அசல் அல்ல. இங்கே எழுத்தைப் பார்த்துப் பயனில்லை, ஒட்டுமொத்த வேலையைப் பார்க்க வேண்டும். அலகைத் திறந்தபோதும் மூடியபோதும் வில்லின் முதுகு உள்தகடுகளோடு சமமாக நிற்கிறதா? பூணில் ரிவிட் தலை தெரியாமல் மறைந்திருக்கிறதா, அல்லது வட்டமாகத் தெரிகிறதா? பிடித்துண்டு பூணோடு சேரும் இடத்தில் இடைவெளி உண்டா? பழைய கத்தியில் சின்னத் தகட்டைப் பெரும்பாலும் ஆணி அடித்துப் பதித்திருப்பார்கள். பசை தெரிந்தால் யோசிக்க வேண்டும். சாதாரண ரெமிங்டன் கத்தியில் தோட்டாத் தகட்டை ஒட்டி 'புல்லட்' ஆக்குவது சுலபமான வேலை.

தேய்மானமும் ஒன்றோடொன்று ஒத்துவர வேண்டும். எந்த மனிதனும் பெரிய அலகைத்தான் அதிகம் உபயோகிப்பான். சின்ன அலகு தேய்ந்து பெரிய அலகு முழுசாக இருந்தால், பெரியது பிற்பாடு வந்தது என்று சந்தேகிப்பதில் தப்பில்லை. அதேபோல 'ஸ்டெயின்லெஸ்' என்று பொறித்த அலகை 1880-ன் சரக்கு என்று சொன்னால் கேட்டுக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். துருப்பிடிக்காத எஃகை ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி கண்டதே 1913-ல்.

பிடியும் காலத்தைச் சொல்லும். மாட்டின் கால் எலும்பை அறுத்து, வரிவரியாகக் கொத்திச் சாயம் ஏற்றியதுதான் பழைய எலும்புப் பிடி. டூபாண்ட் கம்பெனியின் டெல்ரின் என்ற பிளாஸ்டிக் 1960-ல் சந்தைக்கு வந்த பின், பல கம்பெனிகள் எலும்பு போலவே அதில் பிடி செய்தன. பூதக்கண்ணாடியில் எலும்பில் நுண்துளைகள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும், பிளாஸ்டிக்கில் தெரியாது. 1930-ன் முத்திரையும் டெல்ரின் பிடியும் ஒரே கத்தியில் இருந்தால் பிடி மாற்றப்பட்டது என்று அர்த்தம். சூடேற்றிய ஊசியால் குத்திப் பார்க்கச் சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். பிடி செல்லுலாய்டாக இருந்தால் பற்றிக்கொள்ளும். செல்லுலாய்டை விரலால் அழுத்தித் தேய்த்தாலே கற்பூர வாசனை வரும், அது போதும்.

மான்கொம்புப் பிடியில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அமெரிக்கக் கம்பெனிகள் விரும்பி வாங்கியது நம் காடுகளில் கடமான் உதிர்க்கும் கொம்பை. உள்ளே துளை குறைந்து கெட்டியாக இருக்கும். 1998-ல் நம் அரசு உதிர்ந்த கொம்பு ஏற்றுமதியையும் தடை செய்தது. அதிலிருந்து நல்ல கொம்புப் பிடியுள்ள பழைய கத்திக்கு மதிப்புக் கூடியிருக்கிறது.

வாங்கிய கத்தியைப் பளபளப்பாக்க வேண்டும் என்ற ஆசை வரும். அதுதான் பெரிய நஷ்டம். பாலிஷ் சக்கரத்தில் பிடித்தால் எழுத்தின் விளிம்பு மழுங்கிப் போகும், விலையும் போகும். சாணையும் பிடிக்கக் கூடாது. சேகரிப்பவர்கள் அதிகம் கொடுப்பது சாணை காணாத முழு அலகுக்கு. துணியால் துடைத்து, மூட்டில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டால் போதும். தேங்காயெண்ணெய் பிசுக்குப் பிடித்துவிடும். தோலுறையில் போட்டுவைத்தால் பித்தளையில் பச்சை பூக்கும். செல்லுலாய்டு பிடிக் கத்திகளை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது. பழசான செல்லுலாய்டு சிதையும்போது வரும் ஆவி, பக்கத்தில் இருக்கும் அலகுகளையும் துருப்பிடிக்க வைத்துவிடும்.

விற்பவர் சொல்வதையெல்லாம் ரசீதில் எழுதித் தரச் சொல்வது நல்லது. மார்க்கா, நம்பர், பிடி, எந்தக் காலம், எதுவும் மாற்றப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் அதில் வர வேண்டும். தெரிந்த வியாபாரி தயங்காமல் எழுதுவார். தயங்குபவரிடம் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சந்தேகம் தீராவிட்டால், சேகரிப்பவர்கள் கடைசியாகப் புரட்டுவது சிம்மன்ஸ், பெல்நாப், ஹிப்பர்ட் போன்ற மொத்த வியாபாரிகள் அந்நாளில் சில்லறைக் கடைகளுக்கு அனுப்பிய சரக்குப் பட்டியல் புத்தகங்களை. தலையணை கனத்தில் இருக்கும் அவை இப்போது பழம்பொருளாகவே விலை போகின்றன. சிலவற்றை மறுபடி அச்சிட்டும் விற்கிறார்கள். ஒவ்வொரு கத்திக்கும் படம், நம்பர், எத்தனை அலகு, என்ன பிடி, உள்தகடு பித்தளையா இரும்பா என்று ஒரு வரி இருக்கும். கத்தியைப் படத்தின் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுவார்கள். அந்த வரியின் கடைசியில், ஒரு டஜனுக்கு என்ன விலை என்று போட்டிருக்கும்.